சாவியை எடுத்த பிறகும்

சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டிவிட்டது. மின்விசிறி இன்னும் சுற்றவில்லை.

அவள் ஜீப்பின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"அணைச்சுரு புள்ள."

பவுன்ராஜ் வாசல் வேலிக்கு அருகில் நின்றான். அவள் கணவன். வண்டியும் அவனுடையதுதான். ஆனால் வேலியைத் தாண்டி வரவில்லை.

அவள் அணைக்கவில்லை.

ஜீப்பின் பழைய இன்ஜினில் விசிறி அதன் மூக்கிலேயே இருந்தது. இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். இது வேன் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பொருத்திய இன்ஜின். நீளம் அதிகம். ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மெல்லிய மின்விசிறிகளைத்தான் நுழைக்க முடிந்தது.

ஒயர் இழுத்தது முழுக்க அவள். டவுனில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்ப்பவள். ரேடியேட்டரில் ஒரு சின்ன சுவிட்ச். சூடு ஏறியதும் அது யாரையும் கேட்காமல் விசிறியைப் போட்டுவிட வேண்டும்.

வேண்டும்.



மலையேறும் டிரைவர்கள் எல்லோரும் ஊற்று வளைவில் நிறுத்துவார்கள். பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மேல் தண்ணீர் அடித்து, ஒரு பீடி தீரும்வரை ஆறவிடுவார்கள். போன கோடையில் ஒருநாள் பவுன்ராஜ் நிறுத்தவில்லை. பின்சீட்டில் அவன் தங்கை பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மேலே இருந்தது.

நாலு வளைவு தாண்டி இன்ஜின் சூட்டில் இறுகிப்போய் நின்றது.

சேலையை மறைப்பாகப் பிடித்து, ரோட்டோரத்தில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஊர் சும்மா இருக்குமா? அந்த இடத்துக்குப் பவுன்ராஜ் வளைவு என்று பெயர் வைத்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

வண்டி ஓடுவது அவளுக்குப் பெரிதில்லை. அவன் ஓட்ட வேண்டும். இன்றைக்கு இதுவும் கொதித்துவிட்டால், இனி இந்த வேலிக்குக்கூட வரமாட்டான்.

முள் இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்தது.

அவள் கை தானாகச் சாவிக்குப் போனது.

டக்.

விசிறிக்கு மின்சாரம் விடும் ரிலேயின் சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு இரைச்சல், அடியிலிருந்து எழுந்து நிமிர்ந்தது.

அவள் குதித்து இறங்கி முன்னால் ஓடினாள். காலண்டர் தாள் ஒன்றை ரேடியேட்டருக்கு எதிரே பிடித்தாள். நேற்று பேட்டரியை நேரே கொடுத்துப் பார்த்தபோது ஒயர் மாறிப்போய் விசிறி எதிர்ப்பக்கம் ஊதி, தாள் அவள் முகத்திலேயே வந்து அடித்திருந்தது.

இன்று தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தாள். விழவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது முள் இறங்கியிருந்தது. அப்பாடா என்று இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

இன்ஜின் அடங்கிவிட்டது.

விசிறி அடங்கவில்லை.

பவுன்ராஜ் வேலியைத் தாண்டி ஓடிவந்தான். அணைத்த வண்டியில் எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் எங்கோ ஒயர் பற்றப்போகிறது என்று அர்த்தம். அவன் அறிந்த வண்டிகள் எல்லாம் அப்படித்தான். பேட்டரி ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீக. இன்ஜின்ல இன்னும் சூடு கெடக்குல்ல. அதுக்குத்தான் ஓடுது."

சாவி வழியாக இல்லாமல், நேராகப் பேட்டரியிலிருந்து விசிறிக்கு ஒயர் எடுத்தவள் அவள்தான். இப்படித்தான் ஓடும் என்று தெரியும். தெரிந்தும், கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. சீட்டில் ஆள் இல்லை. சாவி அவள் முந்தானையில். காய்ச்சல்காரப் பிள்ளை தூங்கிய பிறகும் பக்கத்தில் யாரோ விழித்திருந்து விசிறுவதுபோல, அது ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கை அவள் கைக்குள்ளேயே இருந்தது.

டக்.

இரைச்சல் தாழ்ந்து, தேய்ந்து, நின்றது. தாள் நழுவித் தரையில் விழுந்தது.

"யாரு நிப்பாட்டுனா?"

"யாருமில்ல."

"மொதல்ல போட்டது?"

"அதுவும் நானில்லீங்க. அதுவே பாத்துக்கிருச்சு."

அவன் பானட்டுக்குள் குனிந்தான். விசிறியை, ரேடியேட்டரை, அவள் ஒயர்களை இழுத்துக் கட்டியிருந்த ஒழுங்கை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு பானட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினான்.

அவளிடம் கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தாள்.

அவன் வண்டியைச் சுற்றிப் போவதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. கதவு திறந்தது. அவள் கால் எட்டுவதற்காக முன்னால் இழுத்துவைத்திருந்த சீட்டை அவன் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.