தேயிலைப் பக்கத்துக் கேட்

“தேயிலைப் பக்கமா ஒரு கேட் வைங்க டீச்சர்.”

அனீஸா பென்சிலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்தோனிமுத்து சேர்தான். வேறு யார்?

“அந்தப் பக்கம் என்னத்துக்கு சேர் கேட்? எங்கட புள்ளைகள் எல்லாம் கீழ ரோட்டாலதான் வார. மேல வெறும் தேயிலைதானே ஈக்கி.”

“அவசரத்துக்கு வெளியேற ரெண்டு வழி வேணும்னு ஷிராணி மிஸ் சொன்னாங்கல்ல?”

“ரெண்டாவது வழி மைதானத்துப் பக்கம் ஈக்குதே!”

“அது சரிதான். இருந்தாலும் வைங்க. உபயோகப்படும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மதிலில் ஒரு கேட்டை வரைந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மனிதர் நகர்ந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் பாடசாலை அதிபர்களுக்கான பயிற்சி அது. பாதுகாப்பான பாடசாலைக் கட்டடத்தை எப்படித் திட்டமிடுவது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு அதிபரும் தன் பாடசாலைக்கு ஒரு ப்ளேன், அதாவது கட்டட வரைபடம், வரைய வேண்டும். மிகச் சிறந்த ஒன்றை மட்டும் உண்மையாகவே கட்டிக் கொடுப்பார்கள். இன்று கடைசி நாள்.

அலவத்துகொடவில் அனீஸாவின் பாடசாலைக் கட்டடம் போன பெருமழையில் சுவரெல்லாம் வெடித்துப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து சின்ன வகுப்புகள் தகரக் கொட்டிலில்தான். மழை பிடித்தால் ஆசிரியையின் வாய் அசைவது மட்டும் தெரியும், குரல் கேட்காது. இந்தக் கட்டடம் அவளுக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுக் கெஞ்சியாவது வேண்டும்.

அந்தோனிமுத்து மலை மேல் தோட்டத்துப் பாடசாலையின் அதிபர். அங்கிருந்து பஸ்ஸில் அலவத்துகொடவுக்கு வருவதென்றால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் நாள் எல்லோருடைய மேசைகளையும் எட்டிப் பார்த்தவர், இரண்டாம் நாளிலிருந்து அவள் உட்கார்ந்த கதிரைக்குப் பின்னால் நங்கூரம் போட்டுவிட்டார்.

“கதவ வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி போடுங்க டீச்சர். புள்ளைங்க பயந்து ஓடி வந்தா உள்பக்கம் இழுக்க முடியாது.”

“கைபிடிக் கம்பிக்கு நடுவுல இடைவெளி இவ்வளவு அகலமா இருக்கக் கூடாது. ஒண்ணாம் வகுப்புப் புள்ளைக்குத் தலை நுழையும்.”

“வகுப்ப இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. புள்ளைங்க கூடிப் போனா?”

சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேநீர் நேரத்தில் திகன பாடசாலை அதிபர் நுஸ்ஹா அவள் காதருகே வந்தாள்.

“ஒங்களுக்கு விளங்கல்லையா? அவரும் போட்டியில ஈக்கிறவர்தானே. ஒங்கட ப்ளேனைப் பெருப்பிச்சிப் பெருப்பிச்சி, கடைசில இவ்வளவு செலவுல இது கட்ட ஏலாதுண்டு தள்ள வைக்கப் பாக்குறார். அவர்ட ப்ளேனை இதுவரைக்கும் யாருக்காவது காட்டினாரா?”

காட்டவில்லைதான். சுருட்டிய தாள் எப்போதும் அவர் கக்கத்திலேயே இருந்தது. எவ்வளவு ஏமாளியாக இருந்துவிட்டோம்! அனீஸா வேகமாக மேசைக்குப் போய் தேயிலைப் பக்கத்துக் கேட்டை அழித்தாள். அந்த இடத்தில் மதிலை அழுத்தி இழுத்துவிட்டாள். மற்றதையெல்லாம் திருத்த நேரமில்லை.

கொடுத்த ப்ளேன்களையெல்லாம் சுவரில் ஒட்டினார்கள். பயிற்சி கொடுத்த ஷிராணி மிஸ்ஸும் இரண்டு பொறியியலாளர்களும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அனீஸாவின் தாளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றார்கள். அவள் உதடு தானாக துஆ ஓதிக்கொண்டிருந்தது.

“வெளிப்பக்கம் திறக்கிற கதவு, புள்ளைங்களுக்கு ஏத்த கைபிடி, நெரிசல் இல்லாத வகுப்பு...” ஷிராணி மிஸ் சிரித்தாள். “இதைத்தான் கட்டப் போறோம். வாழ்த்துகள் அனீஸா டீச்சர்!”

அல்ஹம்துலில்லாஹ்! அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மண்டபத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் அந்தோனிமுத்து. தோற்ற மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நுஸ்ஹாவே வாயைப் பிளந்தாள்.

அவர் ப்ளேனுக்குப் பக்கத்தில் வந்தார். பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“கேட்ட அழிச்சிட்டீங்களா டீச்சர்?”

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னும் அந்தக் கேட்தானா? அவ்வளவு ஆசையா ஈந்தா ஒங்கட ஸ்கூலுக்கு வைங்க சேர்!”

“எங்க ஸ்கூலுக்கு இனிமே கேட் தேவைப்படாது டீச்சர்.” அவர் குரல் தணிந்திருந்தது. “பின்னால மலை வெடிச்சு, மண் சரியிற மாதிரி இருக்கு. இந்த வருஷத்தோட மூடுறாங்க. புள்ளைங்கள எந்த ஸ்கூல்ல சேக்கலாம்னு என்னையே பாத்துச் சொல்லச் சொன்னாங்க. நேத்துதான் முடிவு பண்ணி, மேலிடத்துல சம்மதம் வாங்கினேன். ஒங்ககிட்ட இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

கக்கத்திலிருந்த தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். அதில் கட்டடமே இல்லை. தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து கிளம்பி, தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் இருந்தது. அது முடிகிற இடம் அனீஸாவின் பாடசாலை மதில்.

அனீஸா அவசரமாகப் பென்சிலைத் தேடினாள்.