கேட்டு வாங்கிய கல்லுக்காடு

கனடாவில் குடியேற வந்தவர்களுக்கு அரசாங்கம் நிலத்தைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த காலம். உக்ரைன் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒனுஃப்ரி, நில அலுவலக வரைபடத்தின் வடக்கு மூலையைத் தொட்டுக் காட்டினான்.

மொழிபெயர்ப்பாளர் ஹராசிமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரும் அவன் ஊர்க்காரர்தான். முன்பே வந்து நிலம் எடுத்தவர்.

"ஏம்ப்பா, அது முழுக்கக் கல்லு. தெற்கால கரிசல் மண்ணு கேட்பாரில்லாம கிடக்கு. அதை எடுத்துக்கோ."

"இல்லண்ணே, இதுதான் வேணும்."

"அங்க கோதுமை வராது, பனிதான் விளையும். உன் பொண்டாட்டி உன்னைத் தூக்கி அடுப்புல வெச்சுருவா."

"அவதாண்ணே இதைக் கேட்டா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாசலோரம் நின்ற அவன் மனைவி வர்வாரா, தலைத்துணியை இழுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

ஹராசிமுக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்ல நிலம் சும்மா கிடைக்குறப்போ கல்லைக் கேக்குறியே, கிறுக்காடா உங்களுக்கு?"

ஒனுஃப்ரி வரைபடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"வர்ற வழியில எங்க பொண்ணு தெக்லாவுக்குக் காய்ச்சல் கண்டுருச்சுண்ணே. புள்ளைய அங்கதான் புதைச்சிருக்கோம். வேற யாராவது அந்த நிலத்தை எடுத்தா, தெரியாம உழுதுருவாங்க."