என்னையே பாருங்க!

“முதல்ல மெஷின்ல ஏறுங்க. வியாதியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்” என்றார் எடைக் குறைப்பு டாக்டர்.

உடம்பு இளைத்தால் உலகத்து நோயெல்லாம் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. ஆளும் ஒல்லிக்குச்சி. சின்ன முகம், அதைவிடச் சின்ன முகவாய், கர்வம் மட்டும் ஆளுக்கு மிஞ்சியது.

வந்தவர் பீப்பாய் மாதிரி இருந்தார். மூச்சு வாங்க ஏறினார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. டாக்டருக்குப் பரம திருப்தி.

“சொல்லுங்க, என்ன தொந்தரவு?”

“குறட்டைதான் டாக்டர். நடுநடுவுல மூச்சே நின்னுடுதாம். வீட்டம்மா பயந்துபோய் மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. அவங்க கண்ணை மூடியே மாசக்கணக்காச்சு.”

“பாவம் அந்தம்மா! நீங்க வஞ்சனையில்லாம சாப்பிடுவீங்க, அவங்க காவல் காக்கணுமா? கழுத்துல கொழுப்பு சேர்ந்து மூச்சு போற வழியை அமுக்குது. இப்படியே விட்டா, ஒருநாள் நின்ன மூச்சு திரும்பி வராது. தெரியுமா?”

“அந்தப் பயத்துலதான் ஓடி வந்தேன்.”

டாக்டர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். “எவ்வளவு தூங்கினாலும் அசதி போகமாட்டேங்குது. எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட கத்திக் கத்தித்தான்.”

“ஒல்லியா இருக்கறவங்களுக்கு இது வராதா டாக்டர்?”

“எப்படி வரும்? என்னையே பாருங்க!”

வந்தவர் பார்த்தார். நேராகப் பார்த்தார், நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பக்கவாட்டிலும் பார்த்தார்.

“தொண்டைக்கு ஏதாவது பயிற்சி இருக்கா டாக்டர்?”

“ஏன் இல்லாம? வாயை இப்படி ஆ-ன்னு திறந்து, நாக்கை நல்லா நீட்டணும்.” டாக்டர் செய்தே காட்டினார். வந்தவர் எழுந்து வந்து, குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“புரிஞ்சுதா? சாப்பாட்டைப் பாதியாக்குங்க. நடையைக் கூட்டுங்க. அந்தம்மாவை இனிமேலாவது நிம்மதியா தூங்க விடுங்க, ஐயா!”

“அதுக்குத்தானே டாக்டர் இவ்வளவு பாடும். உங்க தாடை ரொம்பச் சின்னது, பின்னால வேற போயிருக்கு. படுத்ததும் நாக்கு சரிஞ்சு தொண்டையை அடைச்சுடுது” என்றார் வந்தவர். “நான் உங்க சம்சாரம் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில தாடை டாக்டர். கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு, அவங்கதான் என்னை டோக்கன் போட்டு அனுப்பினாங்க.”