சாட்சி நாற்காலியில் மேபல்

கணவன் எல்வுட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேபல் சாட்சி நாற்காலிவரை நடந்தாள். கோர்ட் குமாஸ்தா அவள் கையை எடுத்து பைபிள்மேல் வைக்க வேண்டியிருந்தது.

பட்டிக்காட்டுப் பெண், கோர்ட்டைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று எதிர்த்தரப்புக் கம்பெனியின் வக்கீல்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

டெலிவிஷனை முதலில் செய்தது யார் என்பதுதான் அமெரிக்காவின் ஓமாஹா நகரில் அன்று வழக்கு. ஆறு வருஷம் முன்பே, ஐஸ் கிடங்கின் பின்னறையில் தான் செய்துவிட்டதாக எல்வுட் சொன்னான். இல்லை, எங்கள் ஆள்தான் என்றது கம்பெனி. செய்தவன் வாய்ச்சொல் மட்டும் செல்லாது, இன்னொரு சாட்சி வேண்டும் என்றார் நீதிபதி.

ஆறு வருஷம் முன்பு அந்தக் கிடங்கில் இருந்தது இரண்டே பேர், அவனும் மேபலும்.

"திரையில படம் தெரிஞ்சதை நீங்க பார்த்தீங்களா, மிசஸ் க்ரேவ்ஸ்?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"நான் எப்படிப் பார்க்கிறது? அந்தப் படமே நான்தானே! அடுத்த ரூம்ல உட்கார்ந்து பார்த்தது எல்வுட்."

கோர்ட்டே சிரித்தது. ஒரு நிமிஷம் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாமே என்று எல்வுட் நொந்துகொண்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளைக் கேமரா முன்னால் உட்கார வைத்தான். முகத்துக்கு நேரே, சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும், கண்ணைப் பறிக்கும் கார்பன் விளக்குகள் நான்கு. அவள் இமையை மூடினால் திரையில் வெறும் வெள்ளைத் திட்டு. முகமா மாவு உருண்டையா என்று தெரியாது. கண்கள் மட்டும்தான் கறுப்பாக விழும்.

அதனால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்திக்கொண்டே இருப்பான். "மேபல், கண்ணை மூடாதே!"

அவளும் மூடவில்லை.

திரையை அவன் எடுத்த புகைப்படம் ஒன்று மிச்சமிருந்தது. மங்கல்தான், ஆனாலும் அவள் முகம். அது தான்தான் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், வழக்கு அவன் பக்கம்.

எல்வுட்டின் வக்கீல் அதை அவளிடம் நீட்டினார். "இது யாருன்னு பார்த்துச் சொல்லுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. மேபலின் விரல்கள் படத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் தேடின.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்வுட் தலை குனிந்து இருமினான்.

அவன் இருமல் வந்த திசைக்கு அவள் முகத்தைத் திருப்பினாள்.

"எல்வுட், அதுல நான் கண்ணைத் திறந்துதானே வெச்சிருக்கேன்?"