நனையாத பிரஷ்

தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் செருகிய செயற்கைச் சுவாசக் குழாயோடு படுத்திருந்த நோயாளியின் தலைமாட்டில், டம்ளருக்குள் ஒரு பல் பிரஷ் காய்ந்துபோய் நின்றது.

"காலையிலிருந்து மூணு தடவை வாய் சுத்தம் பண்ணியாச்சு. மூணு டிக்!" என்று கால்மாட்டில் தொங்கிய சார்ட் பீற்றிக்கொண்டது.

"என் மேல சொட்டுத் தண்ணி படலையே! வாய் அழுக்கு நுரையீரலுக்கு இறங்கினா இவர் என்ன ஆவார்?" என்று பிரஷ் பதறியது.

பயிற்சி கொடுக்க வந்த எஸ்தர் சிஸ்டர் சார்ட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிரஷ்ஷை விரலால் தடவினார். நர்ஸுகள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி ஈறு நோகாமல் தேய்க்க, இன்னொருத்தி எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சியெடுக்கப் பழகினாள்.

"ஐயோ, டிக் போட மறந்துட்டாங்களே!" என்று சார்ட் அலறியது.

"விடுப்பா," என்றது சொட்டச் சொட்ட நின்ற பிரஷ். "யாராவது கேட்டா, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு."