கயிற்றை இழுத்தானா

என் மகன் ராஜதுரை அரியலூர் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தான். நான் இங்கே, சிமெண்ட் ஆலையின் கண்ட்ரோல் ரூமில், என் மகள் மணிமொழியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

அவன் வேலை பார்த்ததும் இங்கேதான். சுண்ணாம்புக்கல் போகும் பெல்ட்டில் சிக்கி இறந்தான். பெல்ட் நெடுகிலும் ஓர் அவசரக் கயிறு கட்டியிருப்பார்கள். ஆபத்து என்றால் இழுக்க வேண்டும். பெல்ட் நின்றுவிடும்.

அவன் இழுக்கவில்லை, சொந்தக் கவனக்குறைவு என்று ஆலை எழுதிவிட்டது. குடித்திருப்பான் என்று வாய்வழியாகவும் பரப்பிவிட்டது.

உடையார்பாளையம் பக்கம் எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்படி ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிடாமல் உடலை வாங்க மாட்டேன் என்று பிணவறை வாசலிலேயே சொல்லிவிட்டேன். என் மனைவியின் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"கவுரவத்த ஐஸ் பெட்டியில வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க மச்சான்" என்றான்.



முன்பெல்லாம் கயிறு நேராக மோட்டாரை நிறுத்தும். இப்போது கயிறு கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர் மோட்டாருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் புரோகிராம் விபத்தின்போது உறைந்துபோய், இன்னும் அப்படியே நிற்கிறது. அணைத்துவிட்டால் அதன் நினைவில் இருப்பது அத்தனையும் போய்விடும். யாரும் அதைத் தொடக்கூடாது என்று தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா உத்தரவு போட்டிருந்தார்.

டீபக்கர் என்று ஒன்று உண்டாம். உறைந்து நிற்கிற புரோகிராமோடு இணைத்தால், உள்ளே எது எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும். ஆலை ஆட்களுக்கு அது இணையவே இல்லை. புரோகிராமை எழுதிக்கொடுத்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மேனேஜரும் புதியவர். என் மகள் பெங்களூரில் இந்த வேலைதான் பார்க்கிறாள் என்று நான்தான் ஆய்வாளரிடம் சொன்னேன்.

வேற யாரையாவது கூப்பிடுங்கப்பா என்றாள் மணிமொழி. தம்பி பேருக்கு வந்த பழி உனக்கும் வந்தது இல்லையா என்று கேட்டேன். வந்து உட்கார்ந்தாள்.

முதலில் அனுமதி இல்லை என்று திரையில் வந்தது. அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்க மேனேஜர் தயங்கினார். ஆய்வாளர் பார்த்த பார்வையில் கொடுத்தார்.

இணைந்தது. ஆனால் ஒரே ஒரு த்ரெட்தான் தெரிந்தது. அந்தப் புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும், ஒவ்வொன்றும் ஒரு த்ரெட், கயிற்றைக் கவனிப்பது அதில் ஒன்று என்று ஆய்வாளருக்கு விளக்கினாள். மற்றவை ஏன் தெரியவில்லை என்று அவர் கேட்டார். த்ரெட்டுகளை நடத்துகிற கோப்புக்கு த்ரெட் லைப்ரரி என்று பெயர், புரோகிராமிடம் இருப்பது பழையது, டீபக்கரிடம் இருப்பது புதியது, இரண்டும் பொருந்தினால்தான் மற்றவற்றைக் காட்டும் என்றாள்.

பழையது, புரோகிராமை முதலில் ஏற்றிய கம்ப்யூட்டரில் இருக்குமாம். எழுந்து போய் மூலையிலிருந்த பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டில் துணி மூடியிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் மகளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

டீபக்கரை ஒருமுறை விலக்கி மறுபடி இணைக்க வேண்டும். விலக்கும்போது புரோகிராம் செத்துப்போகவும் கூடும் என்றாள். செத்தால் என் மகன் இழுத்தானா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. மேனேஜர் அதைத்தான் வேண்டிக்கொண்டிருப்பார்.

சாகவில்லை.

திரை நிறைய வரிகள் வந்தன. அவள் விரல் ஒவ்வொன்றாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இழுத்துருக்கான்ப்பா" என்றாள்.

அவன் நின்ற இடத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. அதை வாங்கிய த்ரெட் இன்னொரு த்ரெட்டுக்காகக் காத்து நிற்கிறது. அந்த இன்னொன்று இதற்காகக் காத்து நிற்கிறது. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. மோட்டாருக்கு யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் பக்கம் திரும்பி, கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிடச் சொன்னேன். அடித்துவிடுகிறோம் என்றார். எனக்கு அது போதவில்லை.

"இந்தப் புரோகிராம எவன் எழுதினானோ அவன் பேரைப் போடுங்க. பேர் இல்லாம என் புள்ளைய நான் வாங்க மாட்டேன்."

ஆய்வாளர் தலையாட்டினார். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று மணிமொழியைக் கேட்டார்.

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"காலேஜ் முடிச்சு திருச்சியில மொத வேலைங்க. நான் எழுதுனதுதான்."

திருச்சியில் அவள் என்ன வேலை பார்த்தாள் என்று நான் கேட்டதே இல்லை. நல்ல கம்பெனி என்று சொந்தக்காரர்களிடம் சொன்னதோடு சரி.

மேனேஜர்தான் முதலில் பேசினார். அதுவரை பெரியவரே என்றவர் இப்போது ஐயா என்றார். இயந்திரக் கோளாறு என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம், தம்பி பேர் சுத்தமாகிவிட்டது, வாழவேண்டிய பெண் பேரை எதற்கு இழுக்க வேண்டும் என்றார்.

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மணிமொழியும் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதுங்கம்மா" என்றேன். "வை. மணிமொழி. இனிஷியலை விட்டுடாதீங்க. வைத்திலிங்கம், நான்தான்."

வாக்குமூலம் முடியும்வரை அவளை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். மகனை வாங்க நான் மட்டும் கிளம்பினேன்.