நாலு சைக்கிள் தாங்கி

சின்னக் கார் ஒன்று மறுநாள் மலைக்குப் போக வேண்டும். பின்பக்கம் கொக்கி மாட்டி, சைக்கிள் ஏற்றுவதற்கு ஒரு தாங்கியைத் தேர்ந்தெடுக்கக் கடைக்கு வந்திருந்தது.

பெரிய தாங்கி முந்திக்கொண்டது. "என்னை எடுத்துக்கோ தங்கச்சி. நாலு சைக்கிளை அலுங்காமத் தூக்குவேன்."

"நீங்களே கனமா இருக்கீங்களே அண்ணே?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பாக்கிறவங்க மதிப்பாங்கல்ல!"

'அட்ஜஸ்ட்' என்று யாராவது சொல்லிவிட்டால் சின்னக் காருக்கு மறுக்க வாய் வராது. சரி என்றுவிட்டது.

பெரிய தாங்கி கொக்கியில் ஏறி உட்கார்ந்ததும் காரின் பின்பக்கம் அமுங்கியது. முன்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் நின்றன. விளக்குகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

மூலையில் சாய்ந்திருந்த சின்னத் தாங்கி, "அக்கா, ரோடு கீழே இருக்கு," என்றது.

கொண்டை ஊசி வளைவில் இப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் காருக்கு வாய் வந்துவிட்டது.

"இறங்குங்க அண்ணே."

"போயும் போயும் ரெண்டு சைக்கிள் தூக்குற அந்த நோஞ்சானையா ஏத்தப்போறே?"

"எங்க வீட்டுல இருக்கிறதே ரெண்டு சைக்கிள்தான் அண்ணே," என்றது கார்.